பால் இல்லாத காலை: கும்மிடிப்பூண்டி முதல் திருவள்ளூர் வரை ஒரு வீகன் டிபன் பயணம்

பொழுது இன்னும் புலரவில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருக்கிறார்கள். மடியில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடக்க, ஜன்னலுக்கு வெளியே பனைமரங்கள் மெல்லத் தெரியத் தொடங்குகின்றன. கும்மிடிப்பூண்டியில் கூட்டம் மொத்தமாக இறங்குகிறது. எல்லோருக்கும் அவசரம். சிப்காட் வளாகத்தில் முதல் ஷிப்ட் தொடங்குவதற்குள் வயிற்றுக்கு ஏதாவது போட்டாக வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் நேற்றுதான் வீகன் உணவுக்கு மாறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம். விலங்குகள் மீதான இரக்கம், சுற்றுச்சூழல் அக்கறை, அல்லது பால் ஒத்துக்கொள்ளாத வயிறு. ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் அவருக்கு முதல் சோதனை காத்திருக்கிறது. டீக்கடையில் பால் கொதிக்கிறது. பக்கத்துத் தட்டில் பன், பிஸ்கட். எதிரே டிபன் கடையில் நெய் மணக்கும் பொங்கல்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எதுவும் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பத்து மணிக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். உலைச் சூட்டுக்குப் பக்கத்திலோ, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் முன்னாலோ நிற்பவருக்குத் தலை சுற்றினால் அது சின்ன விஷயம் இல்லை. ஒரே வாரத்தில் ‘நமக்கு இது சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாப்பிடியாகப் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இரண்டுமே தேவையில்லை. ஓட்ஸ், பாதாம் பால், சோயா பால் என்று விலை கூடிய பொட்டலங்களைத் தேடி ஓடவும் வேண்டாம். பிழைப்புக்காக இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டமும் பால் கலக்காத ஒரு காலை உணவைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது. அவற்றை அடையாளம் கண்டுகொண்டாலே போதும்.

சைவம் வேறு, வீகன் வேறு

‘பால் சைவம்தானே?’ என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. சைவம்தான். ஆனால் வீகன் அல்ல. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது, சைவ உணவிலிருந்து பாலையும் முட்டையையும் கூட விலக்கியவர்களுக்காக உருவான சொல் இது. தமிழில் ‘நனிசைவம்’ என்றும் சொல்கிறார்கள். பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பனீர், முட்டை, தேன் எதுவும் இதில் இடம்பெறாது.

அதனால் கடையில் வாங்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. பால் பவுடர் கலந்த பிஸ்கட்டிலும் பச்சைப் புள்ளி இருக்கும். வீகன் உணவுகளுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் ‘வி’ எழுத்தும் அதில் ஓர் இலையுமாக இருப்பது அதற்கான முத்திரை. முத்திரை இல்லாவிட்டால், பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்ப்பதே வழி.

டிபன் கடையில் இரண்டே கேள்விகள்

ஸ்டேஷன் சாலை டிபன் கடைகளுக்கே முதலில் வருவோம். பாத்திரங்களில் இருப்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த இட்லி, எண்ணெய் விட்டு வார்க்கும் தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி. சென்னைப் பக்கத்துக்கே உரிய வடைகறியும் இதில் சேரும். கடலைப்பருப்பை அரைத்துச் செய்வதால் அதில் புரதமும் உண்டு.

புதிதாக மாறியவர் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். ‘அண்ணே, இதுல நெய் போட்டிருக்கா?’, ‘தயிர், மோர் கலந்திருக்கா?’ முதல் கேள்வியில் பொங்கல், நெய் தோசை, பொடி இட்லி, சில கடைகளின் உப்புமா ஆகியவை தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வியில் ரவா இட்லி, சில கடைகளின் ரவா தோசை, தயிர் வடை தெரிந்துவிடும். பரோட்டா மாவில் சில இடங்களில் பாலும் முட்டையும் சேர்ப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொடி இட்லிக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் கேட்டால் எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஓர் இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியர்களுக்கு நாள்தோறும் பரிந்துரைக்கப்படும் புரத அளவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 54 கிராம். பாலும் முட்டையும் விடைபெற்ற பிறகு, நான்கு இட்லியோடு கொஞ்சம் சட்னி என்று நிறுத்திக்கொண்டால் கணக்கு உதைக்கும். ஒரு கிண்ணம் கெட்டி சாம்பார், ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை, அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல் கூடச் சேர வேண்டும். தானியத்தோடு ஏதாவது ஒரு பயறோ பருப்போ இருக்க வேண்டும் என்பதுதான் சூத்திரம்.

பீகாரிலிருந்து வந்த ‘சத்து’

சிப்காட்டின் இரும்பு ஆலைகளிலும் உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று பல மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். அவர்கள் தங்கியிருக்கும் பகுதிகளின் மளிகைக் கடைகளில் கடுகு எண்ணெய்க்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிற மாவுப் பொட்டலம் ஒன்று இருக்கும். அதுதான் சத்து. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. இந்தியில் ‘சத்து’ என்பது இந்த மாவின் பெயர். தமிழில் அதே ஒலிக்கு ஊட்டம் என்று பொருள். இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனால் பொருத்தம் பாருங்கள்!

அடுப்பு பற்றவைக்காமல் இரண்டு நிமிடத்தில் காலை உணவு வேண்டும் என்றால் இதைவிட எளியது இல்லை. நான்கு மேசைக்கரண்டி மாவு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், பொடியாக நறுக்கிய வெங்காயம், பாதி பச்சை மிளகாய், வறுத்த சீரகப் பொடி, உப்பு, அரை எலுமிச்சம்பழத்தின் சாறு. கட்டியில்லாமல் கலக்கிக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். 40 கிராம் மாவில் சுமார் 8 கிராம் புரதம் கிடைக்கும். கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலையைக் கொறித்தால், ஒரு காலைப்பொழுதுக்கு வேண்டிய 15 கிராம் வந்துவிடும். வாழைப்பழம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

சத்து மாவு கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் நம்மூர்ப் பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்து இதே மாதிரி கலக்கலாம். அதுவும் வறுத்த கடலைதான், தோல் மட்டும் இருக்காது.

ஒடிசாக்காரர்களின் காலையில் அவலுக்குப் பெரிய இடம் உண்டு. கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, கடுகு, கறிவேப்பிலை, வேர்க்கடலை தாளித்து, துருவிய கேரட்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் புரட்டினால் டிபன் பாக்ஸ் தயார். ஆறினாலும் ருசி கெடாது என்பதால் ஷிப்டு இடைவேளைக்கு இது வசதி.

ஈழத்துப் பிட்டும் சொதியும்

கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈழத் தமிழர்கள் வாழ்ந்து வருகிறார்கள். அகதிகள் முகாம் என்று அழைக்கப்பட்டுவந்த இடங்களுக்கு, 2021-இல் தமிழக அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. போரும் கடலும் தாண்டி வந்தவர்கள் பெரிய உடைமைகள் எதையும் எடுத்து வந்திருக்க முடியாது. கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது.

ஈழத்துக் காலையில் பிட்டு, இடியாப்பம், சம்பல், சொதி இவைதான் நாயகர்கள். வறுத்த அரிசி மாவைத் தண்ணீர் தெளித்து உதிரியாகப் பிசைந்து, தேங்காய்ப்பூ கலந்து ஆவியில் வேகவைத்தால் பிட்டு. தேங்காய்ப்பூ, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை அல்லது பழப்புளி சேர்த்து இடித்தால் சம்பல். சிலர் இதில் மாசிக் கருவாடு சேர்ப்பார்கள். வீகன்களுக்கு அது வேண்டாம்.

சொதிதான் புதிதாக மாறியவருக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் தூள் இவற்றை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, கடைசியில் முதல் பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். தேங்காய் துருவி வைத்திருந்தால் கால் மணி நேர வேலை. பாலைத் துறந்துவிட்டோம் என்ற நினைப்பே வராத அளவுக்கு நாக்கில் ஒரு வழவழப்பு கிடைக்கும்.

ஆனால் தேங்காய்ப்பாலை மாட்டுப்பாலுக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது. அதில் புரதமும் கால்சியமும் மிகக் குறைவு, கொழுப்பு அதிகம். அதனால் பிட்டு மாவோடு வேகவைத்த பயறு கலந்து கொள்ளலாம். அரிசி மாவுக்குப் பதில் கேழ்வரகு மாவிலும் பிட்டு அவிக்கலாம். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் சொதியை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

டீ இல்லாமல் வண்டி ஓடாது என்பவர்களுக்கும் ஈழத்தவரிடம் ஒரு வழி இருக்கிறது. பால் சேர்க்காத ‘பிளேன் டீ’யைப் போட்டு, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். பனைமரம் நிறைந்த இந்த மாவட்டத்தில் பனைவெல்லத்துக்கா பஞ்சம்? இஞ்சி தட்டிப் போட்ட லெமன் டீயும் சுக்கு காபியும் கூடப் பால் கேட்காதவைதான்.

எல்லை தாண்டாமலே பெசரட்டு

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. இந்தப் பக்கத்துச் சந்தையிலும் பஸ்ஸிலும் தமிழும் தெலுங்கும் கலந்துதான் காதில் விழும். தெலுங்கு மண்ணின் காலை உணவான பெசரட்டு, அதாவது பச்சைப்பயறு தோசை, வீகன் சமையலுக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கும்.

இரவில் ஒரு டம்ளர் முழுப் பச்சைப்பயறும் ஒரு பிடி அரிசியும் ஊறவைத்தால் போதும். காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்கவைக்க வேண்டிய காத்திருப்பு கிடையாது. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், ஓரத்தில் நல்லெண்ணெய். 100 கிராம் பச்சைப்பயறில் 22 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. இரண்டு பெசரட்டும் இஞ்சிச் சட்னியும் சாப்பிட்டவருக்கு மதியச் சாப்பாடு வரை பசி எட்டிப் பார்க்காது.

பெரியபாளையத்துக் கூழ்

இனி வந்த வழியே தெற்கே திரும்பலாம். ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டையைத் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் மேற்கே பிரிந்தால், ஆரணி ஆற்றங்கரையில் பெரியபாளையம். பவானி அம்மன் குடிகொண்டிருக்கும் ஊர். ஆடி பிறந்துவிட்டால் வேப்பிலையும் மஞ்சளுமாக இந்தச் சாலை முழுக்க பக்தர்கள் கூட்டம். தெருவுக்குத் தெரு அண்டா அண்டாவாகக் கூழ் வார்ப்பார்கள்.

கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவைத்து, மறுநாள் அரிசி நொய் வெந்ததும் அதில் ஊற்றிக் கிண்டி எடுப்பது இந்தப் பக்கத்துக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லி கிராம்தான். கேழ்வரகின் கால்சியம் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் புளிக்கவைப்பதும் முளைகட்டுவதும் சத்து உடம்பில் சேர்வதை எளிதாக்குகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பேசிய தானியம், இங்கே தள்ளுவண்டிப் பானையில் அதற்கு முன்பிருந்தே இருந்தது.

கூழ் வண்டியில் கவனிக்க வேண்டியவை மூன்று. கூழில் மோர் ஊற்றித்தான் கரைப்பார்கள். ‘மோர் வேண்டாம்மா, தண்ணி ஊத்தியே கரைச்சுக் கொடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொட்டுக்கொள்ள வைக்கும் மோர் மிளகாய், பெயரிலேயே இருப்பது போல மோரில் ஊறியது. பக்கத்துக் கிண்ணத்தில் கருவாட்டுப் பொரியல் இருக்கும். இவற்றை விட்டுவிட்டு மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம், கொத்தவரங்காய் வற்றல், சுண்டல் என்று கேட்டு வாங்கலாம். மோரின் புளிப்பு வேண்டும் என்பவர்கள் சில துளி எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

திருவள்ளூரில் ஒரு பிடி மாவு

பெரியபாளையத்திலிருந்து திருவள்ளூர் வந்தால் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில். அமாவாசைக்கு அமாவாசை ஊர் கொள்ளாத கூட்டம். நோய் தீர வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். இந்தத் தலத்தின் கதையும் ஒரு வேளை உணவில்தான் தொடங்குகிறது. தவம் முடித்த சாலிஹோத்ர முனிவர் தன்னிடமிருந்த அரிசியை மாவாக்கி உண்ண உட்காருகிறார். வாசலில் பசியோடு ஒரு முதியவர். முனிவர் மாவைக் கொடுக்க, முதியவர் அதை உண்டுவிட்டு, ‘படுக்க எவ்வுள்?’ என்று கேட்டாராம். வந்தவர் பெருமாள். ஊருக்குத் திருஎவ்வுள் என்ற பெயர் வந்தது அப்படித்தான் என்கிறது தலபுராணம். அந்த மாவில் நெய்யும் இல்லை, பாலும் இல்லை. சிப்காட் தொழிலாளி கலக்கிக் குடிக்கும் சத்து மாவுக்கு அது தூரத்துச் சொந்தம்.

இந்த மாவட்டத்தின் கீழச்சேரியில்தான் 2024 ஜூலை 15 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் வகைகளும் காய்கறி சாம்பாரும் நாள்வாரியாகப் பிள்ளைகளின் தட்டில் விழுகின்றன. வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்பதற்காக வந்த திட்டம் அது. வெறும் வயிற்றோடு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் இதே நியாயம்தான் பொருந்தும்.

பி12: மறக்கவே கூடாத ஒன்று

இத்தனை வகை இருந்தும், செடிகொடிகளிலிருந்து கிடைக்காத சத்து ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் அது தேவையான அளவு கிடைத்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கல்லீரலில் முன்பே சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆண்டுகள் வரை தாங்கும் என்பதால் குறைபாடு உடனே தெரியாது. பிறகு அசதி, நாக்கில் எரிச்சல், கை கால் மரத்துப்போதல், மறதி என்று மெதுவாகத் தலைகாட்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் ‘நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு’ என்று இதைத் தள்ளிப்போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. கவனிக்காமல் விட்டால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

எனவே வீகனாக மாறும்போதே மருத்துவரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, பி12 மாத்திரையை அவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்புச்சத்து, போலிக் அமிலத்தோடு பி12-உம் சேர்க்கப்படுகிறது. ஆனால் வீகன்கள் அதை மட்டுமே நம்பி இருக்க முடியாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் விஷயத்தில் மருத்துவர் ஆலோசனை இல்லாமல் மாற்றம் வேண்டாம்.

இரும்புச்சத்துக்கும் ஒரு சின்ன உபாயம் உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

முதல் வாரத்துக்கு ஒரு பட்டியல்

திங்கள்: இட்லி, கெட்டி சாம்பார், வேர்க்கடலைச் சட்னி.
செவ்வாய்: சத்து மாவு பானம், வேர்க்கடலை, வாழைப்பழம்.
புதன்: பெசரட்டு, இஞ்சிச் சட்னி.
வியாழன்: எலுமிச்சை அவல், கொண்டைக்கடலைச் சுண்டல்.
வெள்ளி: நல்லெண்ணெயில் தாளித்த மிளகுப் பொங்கல் (பாசிப்பருப்பு கூடுதலாக), சாம்பார்.
சனி: மோர் சேர்க்காத கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், சுண்டல்.
ஞாயிறு: நிதானமாகப் பயறு கலந்த பிட்டு, சொதி, சம்பல்.

மாலை ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மறுபடியும் கூட்டம் சேர்கிறது. காலையில் தூங்கியவர்கள் இப்போது பேசிக்கொண்டு வருகிறார்கள். பொன்னேரி தாண்டுவதற்குள் பாதிப் பேர் மறுபடி கண்ணயர்ந்துவிடுவார்கள். வீடு போய்ச் சேர்ந்து படுக்கும் முன், புதிதாக மாறியவருக்கு மீதமிருப்பது ஒரே ஒரு வேலை. ஒரு டம்ளர் பச்சைப்பயறைக் கழுவி, தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். நாளைய ரயிலுக்குப் பசியோடு ஓட வேண்டியிருக்காது.